துணை மையம் ஆன தகரக் கொட்டகை

பேட்டரி ஏன் உப்புகிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் அன்றைக்கு எனக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். யாரும் கேட்பதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுவேன். உள்ளே இருக்கும் ரசாயனம் வயதாகி வாயுவாகப் பிரிகிறது. வாயு வெளியே போக வழி தேடுகிறது. உறை விடமாட்டேன் என்கிறது. இந்த இழுபறியில் பேட்டரி குட்டித் தலையணைபோல் ஆகிவிடுகிறது. அதை ஆணியால் குத்தினால் தீப்பிடிக்கும். 'இதில் வேடிக்கை என்னவென்றால்...' என்று நான் ஆரம்பிக்கும் இடத்தில்தான் வழக்கமாக என் மனைவிக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வரும்.

என் பிழைப்பும் இதுதான். மிக்சியோ இஸ்திரிப் பெட்டியோ வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, பெட்டியைப் பிரித்ததும் படிக்காமல் ஓரமாகப் போடுவீர்களே, அதை எழுதுகிறவன் நான். ஈரக் கையால் தொடாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள் ஆகிய வாக்கியங்கள் என்னுடையவை. அவற்றை நான் சொந்த வீட்டில் கடைப்பிடித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

ஒரு பொருளின் உள்விவகாரம் தெரிந்தவனுக்கு அதைத் தூக்கிப் போட மனம் வராது. அப்படி மனம் வராத பொருள்களெல்லாம் எங்கள் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் இருந்தன. அடியில் துருவேறிய தின்னர் டப்பாக்கள், தோல் கட்டிப்போன பெயின்ட், குளியலறை ஆசிட், கரையான் மருந்து, பியூஸ் போன டியூப்லைட்டுகள், முன்பே சொன்ன தலையணை பேட்டரிகள். கொட்டகையைச் சுற்றி இடுப்பளவு புல். புல்லுக்குள் என்ன இருந்தது என்பது புல்லுக்கே வெளிச்சம்.

இதற்கு முடிவு கட்டியவள் என் மகள். பிரசவ விடுப்பை நீட்டிக்கொண்டே போனவளுக்கு இனி நீட்ட இடமில்லை. மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் குழந்தையை எங்களிடம் விடுவதாகப் பேச்சு. என் மனைவி சிறிய தட்டு, சிறிய தம்ளர், சிறிய தலையணை என்று எல்லாவற்றையும் சிறிதாக வாங்கி அடுக்கிவிட்டாள். ஒத்திகைக்காக ஒருநாள் பேத்தியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவிட்டார்கள். அவள் நேராகத் தவழ்ந்து கொல்லைக்குப் போய், தின்னர் டப்பாவின் மூடியை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். நல்ல வேளை, அது என்றோ காய்ந்த மூடி.

"கொட்டகை காலியானாத்தான் குட்டி இங்க வருவா" என்றாள் மகள். "இல்லன்னா காப்பகத்துல சேர்த்துடுவேன். கடைசி ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன்ப்பா."

மாப்பிள்ளை குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துடைப்பிலேயே எல்லாம் சொல்லிவிட்டார்.

கொல்லையைச் சுத்தம் செய்ய ஆள் பிடித்தோம். பக்கத்துத் தெருவில் ஒரு மேஸ்திரி அம்மா இருந்தார். அவர் கணவர், கணவரின் தம்பி, ஒரு புல்வெட்டும் எந்திரம், ஒரு சின்ன லாரி, இவ்வளவும் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொல்லையை ஒரு சுற்று சுற்றினார். புல், கொட்டகை, உள்ளே இருக்கும் தட்டுமுட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே லாரியில் ஏற்றிவிடலாம் என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கொட்டகையை எட்டிப்பார்த்துவிட்டு, இதெல்லாம் என்ன சார் என்று கேட்டுவிட்டார்.

கேட்டுவிட்டார். என் தொழில் வாழ்க்கையில் வாசகர் ஒருவர் தானாக முன்வந்து கேட்பது அதுவே முதல் முறை. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். இந்த ஆசிட்டும் அந்த பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் மூச்சைப் பிடிக்கும் வாயு கிளம்பும். இந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் யாரும் பற்ற வைக்காமலே அது சூடேறிப் பற்றிக்கொள்ளும். காற்று எண்ணெயோடு சேரும்போது வெப்பம் வருகிறது, சுருட்டினதால் வெப்பம் வெளியேற முடிவதில்லை. டியூப்லைட்டுக்குள் பாதரச ஆவி. மேஸ்திரி அம்மா கண் கொட்டாமல் கேட்டார். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஓரடி பின்னால் போனார். நான் பேட்டரிக்கு வந்தபோது அவர் தெருவுக்குப் போய்விட்டிருந்தார்.

"சார், நான் இதையெல்லாம் குப்பைன்னு நெனச்சேன்" என்றார் கேட்டுக்கு வெளியே நின்றபடி. "மூட்டை கட்டி லாரில போட்டு, என் கொழுந்தனை மேல உட்கார வெச்சு அனுப்பியிருப்பேன். நீங்க சொன்னதுக்கப்புறம் ஒரு டப்பாவையும் தொட மாட்டேன். புல்லு என் பொறுப்பு. கொட்டகை உங்க பொறுப்பு."

சமையலறை வாசலிலிருந்து என் மனைவி, "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க, நாமளே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடலாம்" என்றாள்.

நான் மனம் தளரவில்லை. நான் சொன்னது அத்தனையும் உண்மை. அவற்றைச் சாதாரணக் குப்பையோடு போடவே கூடாது. அதற்கென்றே நகராட்சி ஒரு மையம் கட்டியிருக்கிறது: வீட்டு அபாயப் பொருள் பாதுகாப்பு மையம். போகும் வழியெல்லாம் அம்புக்குறி போட்ட பலகைகள் உண்டு. இரண்டு டப்பா, ஒரு பேட்டரி, ஒரு டியூப்லைட் ஆகியவற்றை மணல் நிரப்பிய பெட்டியில் தனித்தனியாகப் புதைத்து எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் போல ஒரு பிரஜை கிடைத்ததற்கு நகராட்சி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்ற நினைப்பு வழியெல்லாம் இருந்தது.

வாசலில் காவலாளி பெட்டியைத் திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டு மூடினார். அபாயகரமான பொருள்களை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை என்றார்.

இது அபாயகரமான பொருள்களை வாங்கும் இடம்தானே என்று கேட்டேன்.

"அதனாலதான் சார்" என்றார்.

அவர் தலைக்கு மேலே ஒரு பெரிய பலகை: 'இம்மையம் விபத்தின்றி இயங்கிவரும் நாட்கள்.' அதன் கீழே நான்கு இலக்கத்தில் ஓர் எண். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஊழியர் ஏணியில் ஏறி அதில் ஒன்றைக் கூட்டினார். இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவர் அவர்கள் பிடித்திருப்பதைக் கையேட்டில் உள்ளபடி சரிபார்த்தார். அந்த வளாகத்தில் விபத்து நடக்க வாய்ப்புள்ள ஒரே காரியம் அந்த எண்ணை மாற்றுவதுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பெட்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். எப்பேர்ப்பட்ட இடம். சிவப்பு, மஞ்சள், நீலத் தொட்டிகள் வரிசையாக, உள்ளே முகம் பார்க்கும் அளவுக்குத் துடைக்கப்பட்டிருந்தன. சுவரோரமாக ஒரு கண் கழுவும் தொட்டி. ரசாயனம் தெறித்தால் ஓடி வந்து காலால் மிதியை அழுத்த வேண்டும், இரண்டு குழாய்களிலிருந்து தண்ணீர் மேல்நோக்கிப் பூவாய்ப் பீய்ச்சும், குனிந்து கண்ணைக் காட்ட வேண்டும். கையை விட்டுக் காலுக்கு ஏன் வேலை? கண்ணில் ரசாயனம் பட்டவனால் குழாயைத் தேட முடியாதே. என்ன யோசனை பாருங்கள். ஆசை தாங்காமல் மிதியை அழுத்தினேன். தண்ணீர் வரவில்லை.

"கனெக்‌ஷன் கொடுக்கல சார்" என்றபடி பாதுகாப்பு அலுவலர் வந்தார். தண்ணீர் வந்தால் சிந்தும், சிந்தினால் யாராவது வழுக்கி விழுவார்கள், விழுந்தால் பலகையில் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று விளக்கினார். விளக்கிச் சொல்கிற ஆளைப் பார்த்தாலே எனக்குப் பிடித்துவிடும்.

நாற்காலி போட்டு உட்கார வைத்து அவர் சொன்னார்: "மையம் திறந்த நாள்லேருந்து இங்க ஒரு சொட்டு ஆசிட் சிந்தினதில்ல. ஒரு பல்பு உடைஞ்சதில்ல. எப்படின்னு நெனைக்கிறீங்க? கட்டுப்பாடு சார். இதுவரைக்கும் ஒரு பொருளைக்கூட உள்ள விட்டதில்ல."

பக்கத்து நகரத்து மையத்தைப் பற்றி வருத்தத்தோடு சொன்னார். அவர்கள் ஆர்வக் கோளாறில் ஒரு பெயின்ட் டப்பாவை வாங்கிவிட்டார்களாம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு அலுவலர்கள் மாற்றல் கேட்டுப் போய்விட்டார்களாம்.

இருந்தாலும் விதிப்படி வந்தால் வாங்கிக்கொள்வோம் என்றார். முதல் விதி, கசியும் டப்பா ஆகாது. என் தின்னர் டப்பாவோ அடியில் துருப்பிடித்தது. வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒரு பெரிய இரும்பு வாளிக்குள் இறக்கி, சுற்றிலும் மணல் போட்டு, இறுக மூடி எடுத்துப் போனேன். முறையும் அதுதான். அலுவலர் மூடிமேல் தட்டிப் பார்த்தார். உள்ளே இருக்கும் டப்பாவில் பெயர் இருக்கிறது, ஆனால் அது கசிகிறது; வெளியே இருக்கும் வாளி கசியவில்லை, ஆனால் அதற்குப் பெயர் இல்லை. எது பொருள், எது பாத்திரம் என்று மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். அந்தக் கேள்வியின் அழகில் ஒரு கணம் சொக்கிப்போனேன். வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி சொக்கவில்லை.

"வாங்கிக்கிட்டாங்களா இல்லையா?"

"இல்ல, ஆனா ஏன் வாங்கிக்கலன்னா..."

"ஏங்க, பால் பொங்குது" என்று உள்ளே போனாள். அடுப்பு எரியவே இல்லை.

அடுத்தது விழிப்புணர்வு வகுப்பு. அதில் தேறினால்தான் பொருளைக் கொடுக்கத் தகுதி. வகுப்பில் நானும், சொந்தக்காரரைப் பார்க்க வந்து தவறுதலாக மாட்டிக்கொண்ட ஒரு தபால்காரரும் இருந்தோம். பயிற்சியாளர் புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த எழுத்துகளைப் படித்தார்: 'அபாயப் பொருளெனக் கருதப்படக்கூடியவற்றினைக் கையாளுதலுக்குட்படுத்துவோர் கையாளுதலுக்கு முன்னதான கையாளாமையினை உறுதிப்படுத்துதல் வேண்டும்.' தபால்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, 'தேவையில்லாமல் தொடாதீர்கள் என்று அர்த்தம்' என்றேன். பயிற்சியாளருக்கே அது அப்போதுதான் புரிந்தது போலிருந்தது.

அங்கேதான் சறுக்கினேன். சங்கதி அலுவலரின் காதுக்குப் போய், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மையத்தின் விதிகள் முழுவதையும் இதே மாதிரி எழுதித் தர முடியுமா? ஆறாயிரம் மிக்சிக்காரர்கள் படிக்காமல் ஓரம் போட்ட ஒருவனிடம் ஓர் அரசாங்கமே வந்து, உன் வாக்கியம் வேண்டும் என்கிறது. தின்னர் டப்பா என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் மையத்துக்குப் போனேன். மேசை கொடுத்தார்கள். விசிறி கொடுத்தார்கள். என் வேலையை எனக்குத் தெரிந்த வரையில் ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு விதிக்கும் கீழே காரணமும் எழுதினேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் மனிதன் கேட்பான் என்பது என் நம்பிக்கை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பன்னிரண்டாம் விதி. பேத்தியை மனதில் வைத்து எழுதினேன்:

'ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இந்த மையத்தின் சுற்றுச்சுவருக்குள் அழைத்து வரக் கூடாது. காரணம்: அவர்கள் ஒரு பொருளைப் படித்து அறிவதில்லை, வாயில் வைத்து அறிகிறார்கள். விதிவிலக்கு இல்லை.'

விதிவிலக்கு இல்லை என்ற கடைசி வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். சேர்த்ததும்தான் வாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அலுவலர் வாய்விட்டுப் படித்துவிட்டு, படிக்கும்போதே குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடணும்போல இருக்கு சார் என்றார். இதைவிட ஒரு பாராட்டு வேண்டுமா?

இதற்கிடையில் மேஸ்திரி அம்மாவின் ஆட்கள் கொல்லையை முடித்துவிட்டார்கள். புல் போயிற்று, புதர் போயிற்று. மொட்டைத் தலையில் மரு மாதிரி நடுவில் கொட்டகை மட்டும் நின்றது. முன்பு புல் மறைத்திருந்ததை இப்போது தெருவே பார்த்தது.

"இப்பத்தான் சார் பயங்கரமா தெரியுது" என்றார் மேஸ்திரி அம்மா. "புல்லை விட்டுவெச்சிருந்தா அழகாவாவது இருந்திருக்கும்."

மையத்தின் ஆண்டு விழா வந்தது. பலகையின் எண்ணுக்காக எடுக்கும் விழா. துறை இயக்குநர் வந்திருந்தார். நீளமாகப் பேசினார். அதில் ஒரு பகுதியை மட்டும் அப்படியே சொல்கிறேன்.

"முன்னாடி மக்கள் அபாயத்தோட வாழ்ந்தாங்க, ஆனா அது அவங்களுக்குத் தெரியாது. இப்பவும் அபாயத்தோடதான் வாழறாங்க. ஆனா விழிப்புணர்வோட வாழறாங்க. இந்த மாற்றத்தை ஒரே ஒரு டப்பாவைக்கூடத் தொடாம கொண்டுவந்திருக்கு நம்ம துறை."

கைதட்டல் ஓய்ந்ததும் புதிய திட்டத்தை அறிவித்தார். அபாயப் பொருளை வீட்டிலிருந்து மையத்துக்கு எடுத்து வரும் வழியில் விபத்து நடக்கலாம். ஆகவே பொருள் மையத்துக்கு வரவேண்டாம். மையம் பொருளிருக்கும் இடத்துக்குப் போகும். விதிகளை எழுதித் தந்த நண்பரின் வீட்டுக் கொட்டகையே முதல் துணை மையமாக அறிவிக்கப்படுகிறது. துணை மையத்தின் பொறுப்பாளரும் அவரே.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் பிரமித்துவிட்டேன். டப்பா இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் இப்போது அது மையத்தில் இருக்கிறது. நான் கொடுத்தாயிற்று, அவர்கள் வாங்கியாயிற்று, யாரும் எதையும் தூக்கவில்லை. உலகத்தில் இவ்வளவு சுத்தமாக ஓர் எந்திரம் இயங்கி நான் பார்த்ததில்லை. மேடையில் என் கையில் கொடுத்த சின்னப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டேன். 'இத்துணை மையம் விபத்தின்றி இயங்கிவரும் நாட்கள்.' கீழே பூஜ்யம்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் பொறுமையாக விளக்கினேன். அவள் பால் பொங்குகிறது என்று சொல்லவில்லை. முழுவதையும் கேட்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது இரண்டாவது முறை; முதல் முறை நான் பெண் பார்க்கப் போன அன்று.

"ஆக, கொட்டகை காலியாகாது" என்றாள்.

"காலியாகாதுன்னு இல்ல. அது இப்ப கொட்டகையே இல்ல."

அவள் அலமாரியைத் திறந்து சிறிய தட்டையும் சிறிய தம்ளரையும் எடுத்து ஒரு பையில் வைத்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று வைக்கிறாள் என்று நினைத்தேன். பேட்டரி ஏன் உப்புகிறது என்று தெரிந்தவனுக்கு இவ்வளவுதான் தெரிந்தது.

மறுநாளே நகராட்சி ஆட்கள் வந்து கேட்டில் பெரிய பலகை மாட்டினார்கள். அதில் என் விதிகள் முழுவதும், காரணங்களோடு. தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். படித்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மூன்று பெயின்ட் டப்பா கொண்டுவந்தார். தெருமுனைப் பல் வைத்தியர் எதையோ பொட்டலமாகக் கட்டி வந்து, இதைப் பற்றி நீங்கள் விளக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டுப் போனார். மையத்தில் ஒரு பொருளும் வாங்க மாட்டார்கள். எனக்கோ ஒருவர் கையேந்திக் கேட்டால் மறுக்கத் தெரியாது. கொட்டகை நிரம்பி, வழிந்தது சுத்தமான கொல்லையில் வரிசையாக நின்றது. வரிசை நேராக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் எதிரெதிர் மூலையில்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். மாப்பிள்ளை காரை நிறுத்தினார். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் வரை வந்து, பலகையைப் பார்த்து நின்றாள். நான் கேட்டின் உட்புறம் நின்றேன். அவள் ஒன்றாம் விதியிலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். சிறு வயதிலிருந்தே என் புத்தகங்களைக் கடைசி வரி வரை படிக்கும் ஒரே ஆள் அவள். பன்னிரண்டில் அவள் கண் நின்றது.

"அப்பா, இது நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா."

"நல்லாப் புரியுது" என்றாள்.

குழந்தை என்னைப் பார்த்துவிட்டுத் தாவியது. கேட்டின் கம்பிகளுக்கு இடையே கையை நீட்டினேன். அவள் என் விரலைப் பிடித்து, அது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள வாயில் வைத்துக்கொண்டாள். விரல் சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்ததால் விதிமீறல் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த ஓரத்தைப் பற்றி நான் தெளிவாக எழுதவில்லை.

"கேட்டைத் திறக்கட்டுமா?" என்றேன்.

"விதிவிலக்கு இல்லைன்னு போட்டிருக்கீங்களேப்பா."

என் பின்னாலிருந்து மனைவி பையோடு வந்தாள். சிறிய தலையணை பைக்கு வெளியே எட்டிப்பார்த்தது. காப்பகம் வேண்டாம், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று மகளிடம் முன்பே பேசி வைத்திருக்கிறாள். எனக்கு யாரும் விளக்கவில்லை. சாதம் ஹாட்பாக்ஸில் இருப்பதாகவும், ஈரக் கையால் சுவிட்சைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

லாரியோடு அந்தப் பக்கம் வந்த மேஸ்திரி அம்மா வண்டியை நிறுத்தி, கார் திரும்புவதைப் பார்த்தார். பிறகு கொல்லையைப் பார்த்தார்.

"சார், மறுபடி புல் வளர்ந்தா சொல்லுங்க" என்றார்.

கார் மறையும் வரை நின்றேன். பிறகு பன்னிரண்டாம் விதியை வெளியே வந்து நின்று நானும் ஒருமுறை படித்தேன். ஏதாவது பிழை இருக்குமா என்று தேடினேன். ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

சாயங்காலம் முக்காலியைப் போட்டு ஏறினேன். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுவரில் மாட்டியிருந்த சின்னப் பலகையில் எண்ணை ஒன்று கூட்டினேன். அன்றைக்கும் விபத்து எதுவும் நடக்கவில்லை.